தொடையில் ஒரு பட்டை

காற்று ஏறுகிறது. பிரஷர் பார்க்கும் பட்டை போலத்தான் இருக்கிறது, ஆனால் அதைவிட அகலம், அதைவிடக் கனம். வலது தொடையின் மேல்பக்கம், இடுப்புக்குச் சற்றுக் கீழே சுற்றிக் கட்டியிருக்கிறாள் பெனிட்டா. அவள் கையிலிருக்கும் ரப்பர் குமிழை அமுக்க அமுக்க அது உப்புகிறது, இறுகுகிறது, தொடையைக் கவ்விப் பிடிக்கிறது. "வலிச்சா சொல்லுங்கக்கா" என்கிறாள். சொல்ல மாட்டேன் என்று அவளுக்கே தெரியும். தூத்துக்குடிப் பெண். எங்கள் அணிக்கு பிசியோவாக வந்த நாளிலிருந்து நான் வலிக்கிறது என்று சொல்லி அவள் கேட்டதில்லை, அதனால் என் முகத்தைப் பார்த்தே கணக்குப் போடப் பழகிவிட்டாள். நான் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்கிறேன். சுவரில் யாரோ எப்போதோ ஒட்டிய யோகாசனப் படம். ஒரு ஆள் தலைகீழாக நின்றுகொண்டு சிரிக்கிறான். அப்படி நின்றால் சிரிப்பு வருமா? வெளியே திண்டுக்கல் வெயில், உள்ளே அரங்கத்தில் ஆண்கள் ஆட்டம் ஓடுகிறது, கூட்டம் ஓவென்று கத்துவது இந்தச் சின்ன அறையின் கதவைத் தட்டித் தட்டிப் போகிறது. சாயங்காலம் எங்களுக்கு இறுதி ஆட்டம். எங்கள் சத்தியமங்கலம் கபடி அணி இதுவரை இறுதிக்கு வந்ததே இல்லை. இன்று வந்திருக்கிறது. கொண்டுவந்தது நான்தான். கோகிலவாணி, கேப்டன், ரெய்டர். வெட்கப்படாமல் சொல்லிக்கொள்ளலாம், மனசுக்குள்தானே. காலையில் அரையிறுதி சமனில் முடிந்து, மறுபடியும் ஆடி, மறுபடியும் சமனாகி, கடைசியில் நான் கொண்டுவந்த ஒரு புள்ளியில் ஜெயித்தோம். ஜெயித்த கையோடு எல்லோரும் துள்ளிக் குதித்தார்கள். நானும் குதிக்கப் பார்த்தேன், தொடை எழவில்லை. உரலைத் தூக்கி இடுப்பில் மாட்டிவிட்டது போல இருந்தது. சிரித்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டேன். கேமராக்காரர் அதைச் சந்தோஷம் என்று நினைத்துப் படம் பிடித்தார்.

பெனிட்டா சின்னக் கருவி ஒன்றைக் கணுக்காலின் உள்பக்கம் வைத்து அழுத்துகிறாள். புஸ், புஸ், புஸ் என்று ஒரு சத்தம், பம்புசெட்டில் தண்ணீர் வருவதற்கு முன்னால் குழாய் மூச்சுவிடுமே, அந்த மாதிரி. அது என் ரத்தம் ஓடுகிற சத்தமாம். என் ரத்தத்தை நான் இப்போதுதான் முதன்முதலாகக் கேட்கிறேன். நல்ல சத்தம், தைரியமான சத்தம். அவள் இன்னும் கொஞ்சம் அமுக்குகிறாள், புஸ் மெலிகிறது, தேய்கிறது, நின்றுபோகிறது. அறையே நின்றுபோனது போல இருக்கிறது. "அவ்வளவுதாங்க்கா. இதுக்கு மேல ஒரு சொட்டுக் காத்துகூட ஏத்த மாட்டேன். சில நிமிஷம் இப்படியே இருக்கட்டும், அப்புறம் விட்டுருவேன். மறுபடி மாத்திக் கட்டுவேன்." ரத்தத்தைக் கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்து, பிறகு திறந்துவிட்டால், அது வேகமாகப் பாய்ந்து களைத்த சதையைத் தேற்றும் என்று முதலிலேயே விளக்கிச் சொன்னாள். எல்லோருக்கும் பலிக்குமா என்று கேட்டேன். பொய் சொல்லத் தெரியாத பெண். "ஆராய்ச்சி எல்லாம் ஒரே மாதிரி சொல்லலக்கா. சிலருக்கு நல்லாத் தெரியுது, சிலருக்கு ஒண்ணுமே தெரியல. ஆனா நம்மகிட்ட இருக்கிற நேரம் கொஞ்சம், ஊசி போட நீங்க சம்மதிக்க மாட்டீங்க. செஞ்சு பாக்கலாம்." முன்பு ரத்தம் கட்டியிருக்கிறதா, சர்க்கரை உண்டா, பிரஷர் உண்டா, வயிற்றில் பிள்ளை உண்டா என்று வரிசையாகக் கேட்டாள். ஒன்றும் இல்லை என்றேன். கடைசிக் கேள்விக்கு இரண்டு பேரும் சிரித்தோம். கல்யாணமே ஆகவில்லை. ஊரில் எனக்கு அதற்கொரு பேர் வைத்திருக்கிறார்கள், எதிரில் சொல்ல மட்டும் யாருக்கும் துணிவில்லை, என் கையைப் பார்த்தால் யாருக்கும் துணிவு வராது.

கால் மரத்துக்கொண்டு வருகிறது. முதலில் விரல்கள், பிறகு பாதம், எறும்பு ஊர்வது போல, இல்லை, எறும்பு ஊர்ந்துவிட்டுப் போன பிறகு தோலில் மிச்சமிருக்குமே, அது போல. தலையைத் தூக்கிப் பார்க்கிறேன். பாதம் வெளுத்திருக்கிறது. நகத்தின் கீழே இருந்த சிவப்பைக் காணோம். இது யாருடைய பாதம்? எனக்குத் தெரிந்த ஒரு பாதம் இப்படித்தான் முதலில் வெளுத்தது. வேண்டாம், அதை நினைக்க வேண்டாம். ஹேமலதாவை நினைக்கலாம், எங்கள் அணியின் இன்னொரு ரெய்டர். நான் ஆடாவிட்டால் ஹேமலதாதான் போகவேண்டும், கால் வேகம், பயமும் வேகம், எதிரணியின் இடது மூலையில் நிற்கிற அந்த உயரமான பெண்ணைப் பார்த்து நேற்றே அவளுக்குச் சோறு இறங்கவில்லை. மூலைக்காரி கணுக்காலைத்தான் பிடிப்பாள். பிடித்தால் விடமாட்டாள், கயிறு போட்டது போல. கயிறு. வந்துவிட்டது பார், எங்கே சுற்றினாலும் அங்கேதான் வந்து நிற்கிறது. அப்போது நான் ஆறாவதோ ஏழாவதோ படித்துக்கொண்டிருந்தேன். அம்மா விடிவதற்கு முன்னால் மல்லிகைக் காட்டுக்குப் போவாள், நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு. வெயில் ஏறினால் மொட்டு விரிந்துவிடும், அதற்குள் பறிக்கவேண்டும். அன்றைக்குப் பறித்துக்கொண்டிருந்தபோது செடிக்கடியில் இருந்தது கண்ணாடி விரியன். கணுக்காலுக்கு மேலே கொத்திவிட்டது. பக்கத்துப் பாத்தியில் இருந்த குப்பண்ணன் ஓடிவந்து, பூ மூட்டை கட்டுகிற நைலான் கயிற்றை எடுத்து முழங்காலுக்குக் கீழே சுற்றி, பல்லால் கடித்து இழுத்துக் கட்டினார். விஷம் மேலே ஏறக்கூடாது என்று இன்னொரு கட்டும் போட்டார். எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள், அப்படித்தான் கேள்விப்பட்டிருந்தார்கள். பிறகு மந்திரிக்கிறவர் வீடு, அவர் குளித்துவிட்டு வரும்வரை காத்திருப்பு, பிறகு வண்டி கிடைக்காமல் ஒரு காத்திருப்பு. கயிறு அப்படியே இருந்தது. ஆஸ்பத்திரிக்கு எங்கள் சித்தி என்னைக் கூட்டிக்கொண்டு போனபோது அம்மாவின் பாதம் நீலமாகிக் கறுத்திருந்தது. விஷத்தை மருந்து முறித்துவிட்டது. டாக்டர் சித்தியிடம் சொன்னது என் காதிலும் விழுந்தது. "இவ்வளவு இறுக்கிக் கட்டி இவ்வளவு நேரம் விட்டிருக்கக் கூடாதும்மா. ரத்தமே போகல. பாம்பு கடிச்சா கட்டவே கூடாது, ஆடாம அசையாம நேரா இங்க கொண்டு வந்திருக்கணும்." முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள்.

அவிழ்க்க மறந்துவிட்டால்? எவ்வளவு நேரம் ஆனது? பெனிட்டாவின் கைப்பேசி அடிக்கிறது. போச்சு. யாரோ அழைக்கிறார்கள், இவள் எடுத்துக்கொண்டு வெளியே போவாள், பேச்சு நீளும், வாசலில் யாராவது டீ கொடுப்பார்கள், அதற்குள் என் கால் கறுத்துவிடும், நான் சுவரில் தலைகீழாக நிற்கிறவனைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பேன். என்ன முட்டாள்தனம், என் கைதான் சும்மா இருக்கிறதே, நானே பிய்த்து எறிந்துவிடலாம். கை தானாக அந்தப் பட்டையின் ஓரத்துக்குப் போகிறது. பெனிட்டா அழைப்பைத் துண்டித்துக் கைப்பேசியைக் கவிழ்த்து வைக்கிறாள். "வீட்ல இருந்துதான். அப்புறம் பேசிக்கலாம். இது கட்டியிருக்கும்போது நான் இந்த ஸ்டூலை விட்டு எந்திரிக்க மாட்டேன், பயப்படாதீங்க." நான் பயப்படுவது எப்படித் தெரிந்தது? சுவரைப் பார்த்துத்தானே படுத்திருக்கிறேன். "காலுக்குத் தெரியுமேக்கா, சதை நடுங்குது" என்கிறாள். பிறகு காற்றைத் திறந்துவிடுகிறாள். ஸ்ஸ் என்று ஒரே சத்தம், பட்டை தளர்கிறது, உடனே ஒன்றும் நடக்கவில்லை, அப்புறம் நடக்கிறது. மேலிருந்து ஒரு சூடு இறங்குகிறது. தொடை, முட்டி, கெண்டைக்கால், வாய்க்காலில் மடை திறந்தால் தண்ணீர் காய்ந்த மண்ணை நனைத்துக்கொண்டு போகுமே, முன்னால் நுரை, பின்னால் தண்ணீர், அப்படி. பாதம் சிவக்கிறது. விரல்கள் ஒவ்வொன்றாக எனக்கே திரும்பி வருகின்றன. நான் சிரித்துவிடுகிறேன். பெனிட்டாவும் சிரிக்கிறாள். "நல்லாயிருக்கா?" "நல்லாத்தான் இருக்குது." "இன்னொரு காலு."

இடது தொடை. இதுதான் என் நல்ல தொடை, இதை ஊன்றித்தான் நான் திரும்புவேன். பட்டை இதற்குப் பற்றவில்லை, கடைசி ஒட்டில் வந்து நிற்கிறது. "என்னக்கா தொடை இது, ஆம்பளைங்களுக்கு வாங்குன பட்டையே பத்தலயே" என்கிறாள் பெனிட்டா. அவள் வாயில் அது புகழ்ச்சி. எல்லோர் வாயிலும் அப்படி இருந்ததில்லை. ஈரோட்டில் ஒரு துணிக்கடையில் பேண்ட் போட்டுப் பார்க்க உள்ளே போனேன், தொடைக்கு மேல் ஏறவில்லை, வெளியே நின்ற விற்பனைப் பெண் பக்கத்தில் இருப்பவளிடம் கிசுகிசுத்தது திரைக்குள் கேட்டது. அப்புறம் பெண் பார்க்க வந்தவர்கள். அந்த மாப்பிள்ளையின் அக்கா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, புள்ளை நல்ல புஷ்டி என்றாள். புஷ்டியாம். அம்மா காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள், "புஷ்டி இல்லீங்க, அது பலம். ஒரே சமயத்துல மூணு பேரு புடிச்சாலும் இழுத்துட்டு வர்ற காலு. உங்க வூட்டுல அப்படி யாராச்சும் இருக்கறாங்களா?" அவர்கள் திரும்பி வரவில்லை. நாங்கள் இரண்டு பேரும் மிச்சமிருந்த பஜ்ஜியைத் தின்று தீர்த்தோம். அம்மாவுக்கு எந்தக் காலைப் பற்றியும் கூச்சம் கிடையாது. செயற்கைக் காலைப் போட்டுக்கொண்டு பழகிய முதல் வாரமே மல்லிகைக் காட்டுக்குப் போய் நின்றவள் அவள். அதே பாத்தி. குப்பண்ணன் அவளைப் பார்த்ததும் குமுறிக் குமுறி அழுதார். அம்மா அவர் தோளைத் தட்டி, "நீ என்ற உசுரக் காப்பாத்தோணும்னுதானே கட்டுன. தெரியாமப் பண்ணுனதுக்கு அழுகாத, தெரிஞ்சுக்கிட்டதை நாலு பேர்த்துக்குச் சொல்லு" என்றாள். அவர் சொன்னார். இன்றைக்கும் எங்கள் பக்கத்துக் காடுகளில் யாருக்குப் பாம்பு கடித்தாலும் கயிறு தேடுகிறவனைக் கெட்ட வார்த்தையில் திட்டி வண்டியில் ஏற்றுவது குப்பண்ணன்தான். பஸ்ஸில் தூரமாகப் போகும்போது அம்மா காலைக் கழற்றிப் பக்கத்து சீட்டில் வைத்துக்கொள்வாள். யாராவது இடம் கேட்டால், ஆள் இருக்குதுங்க என்று அதைக் காட்டுவாள். கேட்டவர் விழிப்பார், அவள் சிரித்துவிட்டு எடுத்து மடியில் வைத்துக்கொள்வாள். நான் சின்ன வயதில் வெட்கப்பட்டுச் செத்திருக்கிறேன். இப்போது அவள் சிரிக்கும்போது எனக்கு நெஞ்சு நிமிர்கிறது. இந்தத் தொடை அவளுடையதுதான், அவளுக்கு ஒரு பக்கம் இல்லாமல் போன பலமும் சேர்ந்து எனக்கு வந்துவிட்டது என்று தோன்றுகிறது. பைத்தியக்கார நினைப்பு, இருந்தாலும் நல்லாயிருக்கிறது.

இடது பக்கம் சுளுவாகப் போகிறது. மரப்பு வரும்போது, வருகிறது என்று தெரிகிறது. போகும்போதும் தெரிகிறது. மறுபடி வலதுக்குக் கட்டுகிறாள். புஸ், புஸ், புஸ், பிறகு மௌனம். காலையில் அந்தக் கடைசி ரெய்டில் என்ன நடந்தது? நான் வலப்பக்கம் போனேன், இடப்பக்கம் பாவனை காட்டினேன், திரும்பும்போது வலது தொடையில் ஏதோ சுருட்டிப் பிடித்தது. ஒரு நொடி நான் நின்றுவிட்டேன். யாரும் பார்க்கவில்லை, எதிரணிப் பெண் ஒருத்தி மட்டும் பார்த்தாள், அவள் நகர்வதற்குள் கோட்டைத் தொட்டுவிட்டேன். அந்த நொடி இறுதி ஆட்டத்தில் வந்தால்? கோச் தங்கராசு சாரிடம் நான் இதைச் சொல்லவில்லை. கொஞ்சம் அலுப்புங்க சார் என்றுதான் சொன்னேன். அலுப்பு. உழுத மாட்டுக்கும் அலுப்புத்தான். ஆட்டத்துக்கு முன்னால் வந்து கேட்பார், முடியுமா கோகிலா என்று. முடியுங்க சார் என்று சொல்லப் போகிறேன். பதினைந்து வருஷமாகச் சொல்லிச் சொல்லி வாயில் தேய்ந்துபோன வார்த்தை, தானாக வந்துவிடும். அப்புறம் அந்த நொடி வரும், ஏழு பேரும் என்மேல் விழுவார்கள், கோப்பை போகும். முடியும் என்று சொல்லாவிட்டால் ஹேமலதா போவாள். பாவம், நடுங்குவாள். அவள் நடுங்குவாள் என்று நான் எப்படி முடிவு செய்தேன்? நான் மட்டும் முதல் ஆட்டத்தில் நடுங்கவில்லையா? என்னைவிட்டால் ஆள் இல்லை என்று நினைப்பது எவ்வளவு இனிப்பாக இருக்கிறது. வலது பாதம் ஜில்லென்று ஆகிறது. கதவு திறக்கிறது.

அம்மா. கையில் தூக்குப்போணி, தோளில் பை, கேலரிப் படியெல்லாம் இறங்கிக் கேட்டுக் கேட்டு இங்கே வந்துவிட்டாள். "மோர் கொண்டாந்தேன் கண்ணு, காலையில இருந்து..." என்று தொடங்கியவள் நின்றுவிட்டாள். பார்வை என் தொடைக்குப் போகிறது, பட்டைக்குப் போகிறது, வெளுத்த பாதத்துக்குப் போகிறது. தூக்குப்போணி கையிலிருந்து நழுவவில்லை, அவள் எதையும் நழுவ விடுகிறவள் இல்லை, மெதுவாகக் குனிந்து தரையில் வைத்தாள். நிமிர்ந்தபோது அவள் முகத்தை எனக்கு அடையாளம் தெரியவில்லை. என் அம்மா பழனாத்தாளுக்கு இப்படி ஒரு முகம் உண்டென்று எனக்குத் தெரியாது. "அவுத்து உடு" என்றாள். குரல் எழும்பவில்லை. "அம்மிணி, அவுத்து உடு அதை. யாரு கட்டச் சொன்னது? ஏங்கண்ணு, உனக்குத் தெரியாதா? நீ பாக்கலயா என்ற கால? அவுத்து உடுங்கறேன்!" பெனிட்டா பதறவில்லை. ஸ்டூலிலிருந்து எழவும் இல்லை. கையைக் காற்றைத் திறக்கும் திருகில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "அக்கா, நீங்க சொன்னா இப்பவே விட்டுருவேன்." சொல்லிவிடலாம். அரை காலோடு ஆடிக்கொள்ளலாம், ஆடாமலேயே போகலாம், இந்த முகத்தை மறுபடி பார்க்காமல் இருந்தால் போதும். ஆனால் என் வாய் வேறு எதையோ சொன்னது. "இரும்மா. சித்த நேரம். இந்தப் புள்ளைக்குத் தெரியும். இவ எந்திரிச்சுப் போகவே மாட்டா. நீயே கேட்டுப் பாரு."

அம்மா பெனிட்டாவைப் பார்த்தாள். மாடு வாங்கப் போனால் பல்லைப் பார்ப்பது போல. "எப்ப அவுப்ப?" "இன்னும் கொஞ்ச நேரத்துலம்மா. இந்தக் கடிகாரம் அடிச்ச உடனே" என்று மடியிலிருந்த சின்ன அலாரத்தைக் காட்டினாள். "கடியாரம் அடிக்கலீன்னா?" "என் கண்ணு அதுமேலதான் இருக்கு. அடிக்கலைன்னாலும் விட்டுருவேன்." "அவுக்கறது மிசினா, நீயா?" "நான்தாம்மா. இதைத் திருகினா ஒரே நொடி." அம்மா திருகைப் பார்த்தாள். திருகில் இருந்த விரலைப் பார்த்தாள். என்ன நினைத்தாளோ, என் கால்மாட்டில் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்து, என் பாதத்தை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டாள். "சில்லுன்னு கெடக்குது" என்றாள் தனக்குத்தானே. நான் மூச்சு விடுவதைக்கூடச் சத்தமில்லாமல் விட்டேன். அவள் கை சூட்டை என் பாதம் உணரவில்லை, கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன், அவள் பிடித்திருக்கிறாள், இறுக்கிப் பிடித்திருக்கிறாள். அப்போது அவளுக்கு யாரும் இப்படிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. நான் வாசலில் சித்தியின் சேலைக்குப் பின்னால் நின்றேன். கடிகாரம் அடித்தது. ஸ்ஸ். பட்டை தளர்ந்தது. சூடு இறங்கத் தொடங்கியது, தொடை, முட்டி, கெண்டைக்கால். இன்னும் பாதத்துக்கு வரவில்லை, அம்மாவின் முகத்தில் அந்தத் தெரியாத முகம் அப்படியே இருக்கிறது, வா, சீக்கிரம் வா, என் ரத்தத்தை நானே விரட்டுகிறேன். வந்தது. அம்மாவின் உள்ளங்கைக்கடியில் என் பாதம் சூடாகிச் சிவந்து துடித்தது. அவள் குனிந்து பார்த்தாள். "வருதுடி" என்றாள். "ஓடியாருது." பிறகு வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீரும் இருந்தது, ஆனால் சிரிப்புதான் அதிகம். "ஏம்மிணி, இதை எங்க ஊர்க்காரங்களுக்கு ஒருக்காக் காட்டோணும், அளவாக் கட்டுனா என்னாகுது, கண்ண மூடிக் கட்டுனா என்னாகுதுன்னு." பெனிட்டா பதறிவிட்டாள். "ஐயோ, வீட்ல யாரும் செஞ்சு பாக்கக் கூடாதும்மா!" "அட, அது எனக்குத் தெரியாதா?" என்று அம்மா சேலையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கித் தன் பிளாஸ்டிக் காலைத் தட்டிக் காட்டினாள். டக் டக் என்றது. பெனிட்டா ஒரு நொடி திகைத்து, பிறகு அவளும் சிரித்தாள்.

மோர் புளிப்பாக இருந்தது, உப்புத் தூக்கலாக. தெரிந்துதான் போட்டிருப்பாள். நான் எழுந்து நின்றேன். பெனிட்டா ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னாள், உட்கார்ந்து எழச் சொன்னாள், குதிக்கச் சொன்னாள். இடது கால் பழையபடி. வலது கால் காலையில் இருந்ததைவிட நன்றாக இருந்தது, ஆனால் முழுசாக இல்லை. பட்டையால் வந்ததா, படுத்துக் கிடந்ததால் வந்ததா, அம்மா பிடித்ததால் வந்ததா, எனக்குத் தெரியவில்லை. அடியில் எங்கோ அந்தச் சுருட்டிப் பிடித்த இடம் இன்னும் விழித்துக்கொண்டுதான் இருந்தது. தங்கராசு சார் கதவோரம் வந்து நின்றார். அம்மாவுக்கு வணக்கம் சொன்னார். "முடியுமா கோகிலா?" வார்த்தை வாய்க்கு வந்துவிட்டது, பற்களுக்குப் பின்னால் நின்றது. அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் என்னிடம் எதையும் எதிர்பார்க்கவில்லை, தூக்குப்போணியை மூடிக்கொண்டிருந்தாள். "முழு ஆட்டம் முடியாதுங்க சார்" என்றேன். என் குரலா அது? "காலையிலயே தொடை புடிச்சுக்கிச்சு. உங்ககிட்டச் சொல்லல. இப்பப் பரவாயில்லை, ஆனா முழுசாத் தாங்காதுங்க. முதல் பாதி ஹேமலதாவ எறக்குங்க. ரெண்டாம் பாதியில எப்ப வேணும்னாலும் என்னைக் கூப்பிடுங்க, அப்ப இருக்கறதெல்லாம் ஆட்டத்துக்குத்தான்." சொல்லிவிட்டு நிமிர்ந்தேன். தலை குனியவேண்டிய இடம் என்று பதினைந்து வருஷம் பயந்த இடம், அங்கே நின்று பார்த்தால் நிமிர்ந்துதான் நிற்க முடிகிறது. சார் கையிலிருந்த பட்டியலில் என் பெயரை அடித்துவிட்டு ஹேமலதா என்று எழுதினார். "உன்கிட்ட இருந்து இதைக் கேக்கணும்னு ரொம்ப நாளா நெனச்சேன்" என்றார். ஹேமலதாவிடம் நானே போய்ச் சொன்னேன். அவள் முகம் வெளிறியது. "நடுங்கு, பரவாயில்லை. நடுங்கிக்கிட்டே ஓடு" என்றேன். நடுங்கிக்கொண்டேதான் ஓடினாள். அந்த உயரமான மூலைக்காரியை இரண்டு தடவை ஏமாற்றிவிட்டு வந்தாள். இரண்டாவது தடவை கோட்டைத் தாண்டியதும் என்னை நோக்கிக் கத்தினாள். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து தொண்டை கிழியக் கத்தினேன். நான் ஆடாமலேயே இவ்வளவு பெருமைப்பட முடியும் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

இரண்டாம் பாதியின் கடைசியில் சமன். சார் கையை அசைக்கிறார். நான் இறங்குகிறேன். ரப்பர் விரிப்பின் வாசனை, பாதத்தின் கீழே சூடு. மூச்சை இழுத்துக் கபடி கபடி கபடி, கோட்டைத் தாண்டி வலப்பக்கம், கபடி கபடி, மூலைக்காரி குனிகிறாள், அவள் கண் என் கணுக்காலில், நான் இடப்பக்கம் பாவனை காட்டுகிறேன், அவள் ஏமாறவில்லை, நல்ல ஆட்டக்காரி, பாய்ந்துவிட்டாள், கபடி கபடி, வலது கணுக்காலில் அவள் கை, இரும்பு, பின்னாலிருந்து இன்னொருத்தி இடுப்பில், மூன்றாமவள் தொடையில், அந்தச் சுருட்டிப் பிடித்த இடம் விழித்து எழுந்து கத்துகிறது, கத்தட்டும், கபடி கபடி, இடது காலை ஊன்றுகிறேன், என் நல்ல காலை, திரும்புகிறேன், மூன்று பேரும் என்னோடு திரும்புகிறார்கள், மூச்சு தீரப்போகிறது, கபடி, வலது தொடையே, ஒரே ஒரு தடவை, கபடி, அது எழுகிறது, வலித்துக்கொண்டே எழுகிறது, நான் விழுகிறேன், முன்னால் விழுகிறேன், மார்பு விரிப்பில் அடிக்க, நீட்டிய விரல் நுனி கோட்டுக்கு அந்தப் பக்கம். விசில். மூன்று புள்ளி. பிறகு கொஞ்ச நேரம் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. இறுதி விசில் ஒலித்தது, பெண்கள் எல்லோரும் என்மேல் விழுந்தார்கள், ஹேமலதா என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள், நான்கு பேர் சேர்ந்து என்னைத் தூக்கித் தோள்மேல் வைத்தார்கள், வலியில் எனக்குக் கண் இருட்டியது, சிரித்துக்கொண்டே மெதுவாடீ மெதுவாடீ என்றேன், யாருக்கும் கேட்கவில்லை. அரங்கமே கத்திக்கொண்டிருந்தது. அதற்குள்ளிருந்து, கேலரிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பாதி உடம்பை வெளியே நீட்டி நின்ற என் அம்மாவின் குரல் எல்லாவற்றையும் அறுத்துக்கொண்டு வந்தது.

"ஏய் புள்ளைங்களா, அந்தக் காலைப் பாத்துப் புடிங்கடி! அடுத்த வருசமும் வேணும் அது!"